பூனை வளர்க்குமுன்

ஆவடிக்கு மேற்கே, பட்டாபிராமுக்கும் திருநின்றவூருக்கும் இடையே அமைந்த ஊர் நெமிலிச்சேரி. வயல்கள் வீட்டுமனைகளாக மாறிய இத்தகைய ஊர்களில் எலிகளுக்கும் குறைவில்லை. வேலியோரம் கத்தும் பூனைக்குட்டிகளுக்கும் குறைவில்லை. பள்ளியிலிருந்து திரும்பும் சிறுவன் ஒருவன் இரக்கங்கொண்டு அக்குட்டியைத் தூக்கிவருதல் இயல்பே. எனினும், அவன் கையிலிருப்பது பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடிய ஓர் உயிர். எட்டாம் வகுப்பிற் பயிலும் அவன், கல்வி முடித்து வேலைக்குச் செல்லும் காலத்திலும் அஃது உடனிருக்கும்.

மனிதரும் பூனையும் கூடி வாழ்தல் புதிதன்று. சைப்ரசுத் தீவில், ஏறத்தாழ 9,500 ஆண்டுகட்கு முற்பட்ட புதைகுழியொன்றில் மனிதர் ஒருவரின் அருகே பூனை ஒன்றும் அடக்கம் செய்யப்பெற்றிருந்ததை அறிஞர் 2004-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. தமிழில் அதற்குப் பூசை என்பது பழம்பெயர். கம்பர் தம் அவையடக்கத்தில், பாற்கடலை நக்கப் புகுந்த பூசைக்குத் தம்மை ஒப்பிட்டுக்கொள்கின்றார்.

அவ்வுவமையாலோ என்னவோ, பூனைக்குப் பாலே உணவு என்று பலரும் எண்ணுகின்றனர். குட்டிப் பருவம் கடந்த பூனைகள் பலவற்றிற்குப் பால் செரிப்பதில்லை, கழிச்சல் உண்டாகும். தயிரன்னமும் அதற்கு ஏற்ற உணவன்று. பூனை ஊனுண்ணி. டாரின் என்னும் சத்தை அதன் உடல் தானே போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தும் மீனிலிருந்துமே பெறுதல் வேண்டும். அது குறைந்தால் பூனையின் பார்வை கெடும் என்பதை 1975-ஆம் ஆண்டிலும், இதயத்தசை நலியும் என்பதை 1987-ஆம் ஆண்டிலும் ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டினர். ஆதலின், புலால் உண்ணாத இல்லத்தார் முதலில் தம்மைத் தாமே வினவிக்கொள்ளட்டும். நாள்தோறும் மீன் அவித்து வைக்க மனம் இசையுமா? இசையாதெனில், டாரின் சேர்த்துக் கடைகளில் விற்கப்பெறும் பூனையுணவை மாதந்தோறும் வாங்கப் பொருள் உண்டா? இரண்டும் இயலாத வீட்டில் பூனை மெல்ல மெல்லக் குருடாகும். அதற்கு அன்பு மட்டும் மருந்தாகாது.

வெறிநோய் நாயால் மட்டுமே வரும் என்பதும் தவறான எண்ணம். வெறிநாய் கடித்த பூனையும் அந்நோயை மனிதர்க்குத் தரும். அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிது. குட்டிக்கு மூன்று திங்கள் நிரம்பியதும் தடுப்பூசி இடுதல் வேண்டும். பூனை கடித்தாலோ, குருதி வரப் பிறாண்டினாலோ, வழலையிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெற்றோருக்கு அஞ்சி மறைத்தல் கூடாது.

பெட்டைப் பூனை ஆறு திங்கள் அளவிலேயே கருவுறும். இரண்டு திங்களில் ஈனும். அக்குட்டிகளைச் சாக்கிலிட்டுச் சந்தையோரம் விட்டுவரும் கொடுமை, கருத்தடை அறுவை செய்யாமையால் விளைவதே. 1903-ஆம் ஆண்டில் தோன்றிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் உள்ளது. நெமிலிச்சேரியில் மின்தொடர் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால், அவ்விடம் அண்மையே. மூடியிட்ட கூடை மட்டும் மறவாமல் வேண்டும்.

வண்டலூர், மீஞ்சூர் ஆகிய ஊர்களை இணைக்கும் வெளிவட்டச் சாலை நெமிலிச்சேரி வழியே செல்கின்றது. இரவில் திரியும் பூனைக்கு அதன் ஊர்திகள் எமனாகும். எனவே மாலைக்குப்பின் அதனை வீட்டினுள் இருத்துதல் நலம். பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குச் செல்லும் நாள்களையும் எண்ணுங்கள். பூனை இடம் மாறுதலை விரும்பாது. காலையும் மாலையும் வந்து உணவும் நீரும் வைக்க அண்டை வீட்டார் ஒருவர் வேண்டும். அவர் இசைந்த பின்னரே குட்டியைத் தூக்கி வாருங்கள்.