கீசரில் ஷொக் அடிக்கிறது: திருத்த வேண்டியது யார்?

கேள்வி: ஐயா, நான் ஹட்டனில் ஆசிரியை. இரண்டு வருட ஒப்பந்தத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஒப்பந்தம் நொத்தாரிசு முன் எழுதப்பட்டதல்ல. தாளில் இருவரும் கையெழுத்து வைத்ததுதான். வீட்டோடு இருந்த பழைய கீசரில் துருத் தண்ணீர் வருகிறது, அடியில் சொட்டுகிறது. போன வாரம் குழாயைத் தொட்டபோது ஷொக் அடித்தது. "பாவிக்கிறது நீங்கள்தானே, நீங்களே திருத்துங்கள்" என்கிறார் வீட்டுக்காரர். வாடகையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: டீச்சர், சட்டம் பிறகு. முதலில் அந்தக் கீசருக்கான மின்சாரத்தை மெயின் பெட்டியிலேயே நிறுத்துங்கள். அனுமதிப்பத்திரம் உள்ள மின்னியலாளர் பார்க்கும்வரை யாரும் போடக்கூடாது. குழாயில் ஷொக் அடித்தால் ஹீட்டர் கம்பி வெடித்திருக்கலாம், எர்த் வயர் அறுந்திருக்கலாம். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழ வேண்டிய ட்ரிப் சுவிட்ச் வீட்டில் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்றும் பாருங்கள். சொட்டுவது அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு என்றால் அதை அடைத்துவிடாதீர்கள். தேர்மோஸ்டாட்டும் பழுதாகியிருந்தால் தாங்கி வெடித்துவிடலாம்.

இனி சட்டம். வாடகை விஷயத்தில் நம் நாட்டில் அடிப்படையாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். வாடகைக்குக் கொடுத்த தேவைக்கு ஏற்ற நிலையில் வீட்டைப் பராமரிப்பது, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், உரிமையாளரின் கடமை. வீட்டோடு சேர்த்து வாடகைக்கு விட்ட கீசரும் அதில் அடங்கும். மலையகக் குளிரில் அதை ஆடம்பரம் என்று யாரும் ஒதுக்க முடியாது. நீங்கள் உடைத்திருந்தால் செலவு உங்களுடையது. வயதாகித் துருப்பிடித்தால் அவருடையது. எது உண்மை என்பதை மின்னியலாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் வழக்கின் உயிர் அந்தத் தாளில்தான் இருக்கிறது.

வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும். ஆகவே இரண்டு வருடம் என்ற உங்கள் ஒப்பந்தத்தை நம்பியிருக்க முடியாது. மாத வாடகையாளராகவே கருதப்படுவீர்கள். நிலுவை வைத்தால் உங்களை வெளியேற்ற நீங்களே காரணம் கொடுத்தது போலாகும்.

குறைகளையும் ஷொக் அடித்த திகதியையும் எழுதி, படங்களோடு பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்புங்கள். இரண்டு வாரம் தவணை கொடுங்கள். அதன் பிறகும் அவர் அசையாவிட்டால் அவசியத் திருத்தத்தை நீங்களே செய்து நியாயமான செலவைக் கேட்கலாம். வாடகையில் கழிப்பதற்கு அவருடைய எழுத்துச் சம்மதம் இருப்பது நல்லது. மறுத்தால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழான மத்தியஸ்த சபைக்குப் போங்கள். அங்கே சட்டத்தரணி தேவையில்லை, நீங்களே பேசலாம்.

அறிவித்த பிறகும் கவனிக்காமல் விட்டு யாருக்காவது காயம் பட்டால் அவர் நட்டஈட்டுக்குப் பொறுப்பாகலாம். உயிர் போனால், கவனயீனம் நிரூபிக்கப்படுமிடத்து, தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு வரும். கடிதத்தில் இதையும் மரியாதையாகக் குறிப்பிடுங்கள்.

தோட்ட லயங்களில் இருப்பவர்களும் பழைய வயரிங் பற்றிக் கேட்கிறார்கள். லயத்துத் தீயில் ஒரே இரவில் பல குடும்பங்கள் எல்லாவற்றையும் இழப்பதை மலையகம் எத்தனை முறை பார்ப்பது? தோட்டத் துரையிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியோடு கையெழுத்து வாங்குங்கள். பழுது நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் என்று பின்னால் நிரூபிக்க அந்தப் பிரதிதான் சாட்சி.