மின்னஞ்சலும் அதன் அறைகளும்

எழுதிய கடிதத்தின் நகலைப் பேணி வைத்தல் பண்டுதொட்டு வரும் வழக்கம். மின்னஞ்சலிலும் இவ்வழக்கம் உண்டு. ஆயினும் அந்நகல் எங்கே போயிற்றென்று தேடி அலைவோர் பலர். அதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

கடிதத்தை அனுப்புதலும் நகலைச் சேமித்தலும் வெவ்வேறு தொழில்கள். முன்னதை எஸ்.எம்.டி.பி. என்னும் விதிமுறை நடத்துகின்றது. பின்னதை 1986-இல் மார்க் கிறிஸ்பின் என்பார் வகுத்த ஐமேப் என்னும் விதிமுறை நடத்துகின்றது. ஐமேப் முறையில் 'இன்பாக்ஸ்' என்னும் வரவுப் பெட்டி ஒன்றுக்கே நிலையான பெயர் உண்டு. அனுப்பியவை, வரைவு, குப்பை முதலிய அறைகளுக்கு எவரும் எப்பெயரும் இடலாம். ஆதலின் ஒரு செயலி 'சென்ட்' என்றும், மற்றொன்று 'சென்ட் ஐட்டம்ஸ்' என்றும், பிறிதொன்று 'சென்ட் மெசேஜஸ்' என்றும் அழைக்கின்றன. ஒரே கணக்கைக் கைப்பேசியிலும் கணிப்பொறியிலும் திறப்பவருக்கு ஒரு பொருளுக்கே இரண்டு மூன்று அறைகள் உண்டாகிவிடுகின்றன.

2011-இல் வெளிவந்த ஆர்.எப்.சி. 6154 என்னும் ஆவணம் இதற்குப் பரிகாரம் கூறிற்று. பெயர் யாதாயினும், இவ்வறை இன்னதற்குரியது என்று சர்வரே அறிவிக்கும்பொருட்டு 7 அடையாளங்களை அது வகுத்தது. சர்வரும் செயலியும் ஒருங்கே அதனைக் கைக்கொண்டாலன்றிப் பயனில்லை. இல்லையேல் நாமே அமைத்தல் வேண்டும்.

அதுவும் எளிதன்று. தண்டர்பேர்டு என்னும் செயலியில் அனுப்பியவை, வரைவு, காப்பகம் ஆகியவற்றை ஒரு பக்கத்திலும், குப்பையைச் சர்வருக்குரிய பக்கத்திலும், வேண்டாத அஞ்சலை வேறொரு பக்கத்திலும் அமைக்க வேண்டியிருக்கின்றது. ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறத்தல் இயல்பே.

இஃது அற்ப விஷயமன்று. 'லோக்கல் போல்டர்ஸ்' என்பதில் இடும் நகல் நம் கணிப்பொறியில் மட்டுமே தங்கும். 2015 டிசம்பரில் முடிச்சூர் வீடுகளில் வெள்ளம் புகுந்ததை நாம் அறிவோம். கணிப்பொறி மூழ்கினால் அதிலுள்ள கடிதமும் உடன் மூழ்கும். சர்வரிலுள்ள நகலையோ எவ்வூரிலிருந்தும் பெறலாம்.

ஆகவே செய்யத்தக்கது யாதெனின்: முதலில் இணைய உலாவி வழியே கணக்கைத் திறந்து, சர்வரில் உள்ள அறைகளைக் காண்க. தொழிலுக்கு ஓர் அறையைத் தெரிந்துகொண்டு, எல்லாச் செயலிகளிலும் அதனையே குறிக்க. பின்னர்த் தமக்குத் தாமே ஒரு கடிதம் அனுப்பி, நகல் உரிய இடத்தில் விழுந்ததா என்று சோதிக்க. அதன் பின்னரே பழைய கடிதங்களை அங்கு மாற்றி, வெற்றறைகளை நீக்குக. சோதியாமல் நீக்குவோர் கடிதத்தையும் இழப்பர்.