நம்பிக்கைகளும் உண்மைகளும்: பன்றிக்கு ஊசி போட்டாயிற்று, இனி பயமில்லையா?

கால்நடைகளுக்கான தடுப்பூசிகள் தயாராகும் பாலோடு என்ற ஊர் திருவனந்தபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அங்கிருந்து ஓர் ஊசி வந்தால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் ஓடிவிடாதா என்று பன்றி வளர்ப்பவர்கள் கேட்பது நியாயமே. 2022 ஜூலையில் வயநாட்டுப் பண்ணைகளில் அந்நோய் உறுதியானபோது, பன்றிகளைக் கூட்டமாகக் கொல்வதைத் தவிர அரசுக்கு வேறு வழி இருக்கவில்லை.

“காய்ச்சல் ஊசி ஏற்கெனவே போட்டிருக்கிறோமே” என்பது பரவலான ஆறுதல். அந்த ஊசி செவ்வியல் பன்றிக் காய்ச்சலுக்கானது. பெயரில் ஒற்றுமை இருந்தாலும் இரண்டும் உறவே இல்லாத வைரஸ்கள். செவ்வியல் காய்ச்சலைத் தடுக்க அது நல்ல ஊசி, தவறாமல் போடுங்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சலை அது தொடக்கூட முடியாது.

“நன்றாகத் தீனி தின்று திடமாக வளர்ந்த பன்றி தாங்கிவிடும்” என்பது இதைவிட ஆபத்தான நம்பிக்கை. கிருமிகளை விழுங்கி அழிக்கவேண்டிய மேக்ரோபேஜ் செல்களுக்குள்ளேயே ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ் குடியேறிப் பெருகுகிறது. காவலாளியின் வீட்டிலேயே திருடன் தங்குவதைப் போல. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட புரதங்களை உருவாக்கும் பெரிய மரபணுத் தொகுதி அதனிடம் இருக்கிறது. அவற்றில் பல, பன்றியின் எச்சரிக்கை மணியை அடக்கவே உள்ளவை. எம்ஜிஎஃப் எனப்படும் மரபணுக் குடும்பங்கள், பக்கத்துச் செல்களை உஷார்ப்படுத்தும் இன்டர்ஃபெரான் சுரப்பைக் குறைக்கின்றன. ஏ238எல் என்ற புரதம் அழற்சிக்கான உத்தரவுகளைச் செல்லுக்குள்ளேயே நிறுத்திவிடுகிறது. சிடி2வி என்ற இன்னொன்றின் உதவியால் வைரஸ் சிவப்பணுக்களில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தில் சுற்றுகிறது. பிழைத்த பன்றியின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகத்தான் செய்கிறது. ஆனால் வைரஸை முழுமையாக முடக்கும் வலு அதற்கு இல்லை. தடுப்பூசி ஆய்வாளர்களைப் பல பத்தாண்டுகளாக அலைக்கழித்தது இதுதான். ஐ177எல் என்ற மரபணுவை நீக்கி, பலவீனமாக்கிய உயிருள்ள வைரஸைக் கொண்டு செய்த ஊசிக்கு வியட்நாம் 2022-இல் அனுமதி அளித்தது. உயிருள்ள வைரஸ் என்பதால், அதைப் போட்ட பின்னும் விழிப்பு தேவை.

“பார்க்க ஆரோக்கியமாக இருக்கிறது, வாங்கலாம்” என்கிறார்கள். செவ்வியல் காய்ச்சல் வைரஸ் இந்த நம்பிக்கையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. தாயின் வயிற்றில் நோயெதிர்ப்பு முதிர்வதற்கு முன்பே வைரஸ் புகுந்துவிட்டால், குட்டியின் உடல் அதைத் தன்னுடையது என்றே ஏற்றுக்கொள்கிறது. எதிர்ப்பொருளே உருவாவதில்லை. அக்குட்டி மாதக்கணக்கில் நோய் காட்டாமல் வளர்ந்து, வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். பரிசோதிக்காமல் புதுக் குட்டிகளைப் பட்டியில் விடக்கூடாது என்பது இதனால்தான்.

“மனிதருக்கும் வரும்” என்பது வெறும் பயம். இந்த இரண்டு நோய்களும் மனிதரைத் தாக்குவதில்லை. ஆனால் ஆப்பிரிக்கக் காய்ச்சல் வைரஸ் இறைச்சித் துண்டில் பலநாள் உயிரோடு இருக்கும். ஓட்டல் கழிவைப் பன்றிக்குப் போடுவதாக இருந்தால், 90 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் கிளறிக்கொண்டே வேகவைத்த பிறகே போடவேண்டும்.