வீட்டில் கணக்கு வினாத்தாள் டைப் செய்பவர்களுக்கு

1. < குறிக்கு அடிக்கோடு போட்டு ≤ ஆக்கும் வழக்கத்தை முதலில் விடுங்கள். கோடு பக்கத்து எண்ணுக்கும் ஓடிவிடும். வேர்டில் 2264 என்று அடித்த கையோடு ஆல்ட், எக்ஸ் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ≤ வந்துவிடும். ≥ வேண்டுமென்றால் 2265, ≠ வேண்டுமென்றால் 2260. முன்னால் இருக்கும் எண்ணோடு ஒட்டி அடிக்காதீர்கள். 5-ஐ ஒட்டி அடித்தால் வேர்டு 52264 என்று படித்துவிடும்.

2. மேக் கணினியில் ஆப்ஷனும் காற்புள்ளியும் ≤. ஆப்ஷனும் முற்றுப்புள்ளியும் ≥. போனில் < விசையை அழுத்திப் பிடித்துப் பாருங்கள், பல கீபோர்டுகளில் ≤ அங்கேயே ஒளிந்திருக்கும்.

3. டிடிபி கடைக்குக் கொடுப்பவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் < என்பது ‘ஈ’. > என்பது காற்புள்ளி. வினாத்தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்து பாமினிக்கு மாற்றினால், ‘3 < 5’ என்பது ‘3 ஈ 5’ ஆகிவிடும். ஈயாவது கண்ணில் படும். ‘7 > 4’ என்பது ‘7 , 4’ ஆனால் பிழை திருத்துபவருக்கும் சந்தேகம் வராது. பிள்ளைதான் தேர்வு அறையில் விழிக்கும். குறியை மட்டும் தேர்ந்தெடுத்து டைம்ஸ் நியூ ரோமனுக்கு மாற்றுங்கள். யூனிகோடில் அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

4. கணக்கு நிறைய இருந்தால் வேர்டில் ஆல்ட்டோடு = அழுத்திச் சமன்பாட்டுப் பெட்டியைத் திறங்கள். அதற்குள் <= அடித்து ஸ்பேஸ் தட்டினால் ≤ ஆகிவிடும்.

5. லேடெக் பழகியவர்கள் டாலர் குறிகளுக்குள்தான் < அடிக்க வேண்டும். வெளியே அடித்தால், எழுத்துருக் குறியாக்கத்தை மாற்றாத கோப்பில், தலைகீழ் ஆச்சரியக்குறி ¡ அச்சாகும். > அடித்தால் ¿. டாலருக்குள் இருந்தால் குறியின் இருபுறமும் இடைவெளியை அதுவே விடும். இரண்டு < சேர்த்தால் ≪ ஆகாது, அதற்குத் தனிக் கட்டளை உண்டு.

6. <, > இரண்டும் கணிதவியலாளர் தாமஸ் ஹாரியட் இறந்து பத்து ஆண்டு கழித்து, 1631-இல் வெளியான அவருடைய நூலில் அச்சேறியவை. ≤, ⩽, ≦ மூன்றுக்கும் எண்களில் ஒரே பொருள்தான். எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஆனால் ஒரே தாளில் கலக்காதீர்கள். ≺ மட்டும் வேறு. அளவைப் பார்க்காமல் வரிசையில் எது முந்தியது என்று சொல்லும் இடத்துக்கு உரியது.

7. கணங்களில் ⊂, ⊆ குழப்பம் உண்டு. சில நூல்களில் ⊂ தகு உட்கணத்தை மட்டும் குறிக்கும், என்.சி.இ.ஆர்.டி. பதினொன்றாம் வகுப்பு நூலில் எந்த உட்கணத்துக்கும் அதுவே. பிள்ளைகள் கையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு அடியுங்கள்.