ஆறு வளர்த்த ஊர்: சோழவந்தானும் தென்கரையும்

ஊராட்சி அங்கத்தினர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் நான் வழக்கமாக முதலில் கேட்கும் வினா ஒன்று உண்டு. "உங்கள் ஊர் வாய்க்கால் எந்த இடத்தில் தொடங்கி, எந்த இடத்தில் முடிகிறது?" என்பதே அது. வரவு செலவுக் கணக்கை ஏட்டைப் பாராமலே ஒப்பிக்கும் அங்கத்தினர்களும் இதற்கு விடை கூறத் தயங்குவதைக் கண்டிருக்கிறேன். ஊரின் பூகோளமும் சரித்திரமும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய பாடங்கள் அல்ல. ஊர்ப் பொதுச் சொத்தைக் காக்கும் பொறுப்பேற்றவர்களுக்கு அவை அன்றாடத் தேவையாகும். வைகைக் கரையிலுள்ள சோழவந்தானையும், அதன் எதிர்க்கரையிலுள்ள தென்கரையையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஓர் ஊரை எவ்வாறு ஆராய்ந்து அறிவது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நிலத்தின் அமைப்பு

மதுரைக்கு வடமேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், வைகையின் வடகரையில் சோழவந்தான் அமைந்துள்ளது. ஆற்றைக் கடந்தால் தென்கரை. அவ்வூரின் பெயரே அதன் இருப்பிடத்தைக் கூறிவிடுகிறது. வடக்கே சிறுமலை, தெற்கே நாகமலை, இடையே வைகை. ஆறு பன்னெடுங்காலமாகக் கொணர்ந்து பரப்பிய வண்டலின் மீதுதான் இங்கே நெல்லும் வாழையும் தென்னையும் வெற்றிலையும் விளைகின்றன.

ஆயினும் வைகை ஆண்டு முழுவதும் பெருகி ஓடும் ஆறு அன்று. வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் ஓடி, இராமநாதபுரம் பெரிய கண்மாயை நோக்கிச் செல்கிறது. பெருவெள்ளக் காலங்களில்தான் அதன் நீர் கடலை எட்டும். ஐப்பசி, கார்த்திகையில் பெருகிப் பல மாதங்கள் மணலாகக் கிடக்கும் ஆற்றை நம்பி, நம் முன்னோர் எவ்வாறு நெல் விளைவித்தனர்? வெள்ளம் வரும்போது நீரை வாய்க்கால்களில் திருப்பினர்; கண்மாய்களில் தேக்கினர்; பின்னர் மடைகளின் வழியே அளவறிந்து பாய்ச்சினர். இன்றும் இப்பகுதியில் வடகரைக் கால்வாய், தென்கரைக் கால்வாய் என்னும் பெயர்கள் வழங்கி வருகின்றன.

பெயர் கூறும் வரலாறு

சோழன் ஒருவன் இங்கு வந்தான் என்றும், ஊரின் வளம் கண்டு உவந்தான் என்றும் மக்கள் பெயர்க்காரணம் கூறுவர். கல்வெட்டுகளோ வேறு செய்தி தருகின்றன. தென்கரை மூலநாத சுவாமி கோயில் கல்வெட்டுகளில் இவ்வூர் "சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம்" எனக் குறிக்கப்படுகிறது. சோழாந்தகன் என்றால் சோழனுக்கு எமன் என்பது பொருள். 10-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரபாண்டியனுக்கு உரிய பட்டம் அது. பாண்டியன் பகைமை தோன்றச் சூட்டிய பெயர், காலப்போக்கில் மக்கள் நாவிலே சோழனை விருந்தினனாக வரவேற்கும் பெயராக மாறிவிட்டது!

சதுர்வேதிமங்கலங்களை நிருவகித்தவை சபைகள். தொண்டை நாட்டிலே, உத்திரமேரூரிலுள்ள முதற் பராந்தக சோழனது கல்வெட்டுகள், குடவோலை முறையால் அங்கத்தினரைத் தேர்ந்தெடுத்ததையும், ஏரியைப் பேணுவதற்கென்றே "ஏரி வாரியம்" என்னும் குழு இருந்ததையும் தெளிவாகக் கூறுகின்றன. நீரைக் காப்பது ஊராட்சியின் வேலையாக இருந்தது என்பதற்கு ஆயிரம் ஆண்டுச் சான்று இது.

மலையைக் கடந்து வந்த நீர்

1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும் பஞ்சம், பருவமழையை மட்டும் நம்பியிருக்கும் பாசனத்தின் குறையை வெளிப்படுத்தியது. மேற்கே அரபிக்கடலுக்குச் சென்ற பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்பும் திட்டம் அதன் பின்னர் உறுதிப்பட்டது. 1886-இல் திருவிதாங்கூர் அரசுடன் ஒப்பந்தம் ஏற்பட்டது. பொறியாளர் பென்னிகுயிக்கின் தலைமையில் அணை கட்டப்பட்டு, 1895-இல் நீர் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி, வைகையோடு கலக்கிறது. சோழவந்தானுக்கு மேற்கே பேரணையில் அது பெரியாறு பிரதானக் கால்வாயில் திருப்பப்படுகிறது. பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் நிலம் இருபோகப் பாசனப் பரப்பாகும்.

1959-இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை திறக்கப்பட்டது. அதன் உயரம் 111 அடி. நீரைத் தேக்கும் அளவு 71 அடி. அன்றுமுதல் வெள்ளத்தையும் வறட்சியையும் ஓரளவு கட்டுப்படுத்த முடிந்தது. ஆனால் ஒவ்வொரு நன்மைக்கும் ஒரு விலை உண்டு. எகிப்து நாட்டில் 1970-இல் அஸ்வான் உயர் அணை முடிந்தபின், நைல் நதி ஆண்டுதோறும் வயல்களில் இட்டுவந்த வண்டல் அணையிலேயே தங்கிவிட்டது. வைகை அணையிலும் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருக்கிறது. ஆறு தந்துவந்த உரத்தை இனி நாம்தான் இடவேண்டும். தொழுவுரம், தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரம், உரிய அனுமதி பெற்று எடுக்கும் கண்மாய் வண்டல் ஆகியவற்றின் அருமை இதனால் விளங்கும்.

கொடிக்கால்

இந்நிலத்துக்கே உரிய பயிர் வெற்றிலை. சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முதலில் அகத்தியை விதைத்து வளர்த்து, அதன் நிழலிலும் துணையிலும் கொடியைப் படரவிடுவர். வேருக்கு எந்நேரமும் ஈரம் வேண்டும். நீர் தேங்கினாலோ கொடி அழுகிவிடும். ஆகையால் பாய்ச்சும் வாய்க்காலைப் போலவே வடிகாலும் இப்பயிருக்கு உயிர்நாடியாகும். 1875-இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு அமைந்த இருப்புப்பாதை சோழவந்தான் வழியே செல்வதால், விரைவில் வாடும் இலையை வெளியூர்ச் சந்தைகளுக்கு அனுப்பவும் வழி பிறந்தது.

அறியாமையால் விளைந்த நட்டம்

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைக் கூறவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய வேறொரு வட்டாரத்தில், கடைமடையிலுள்ள சில வயல்களுக்கு இரண்டு போகங்களாக நீர் எட்டவில்லை. கண்மாயில் நீர் இருந்தது, மடையும் திறந்திருந்தது. விவசாயி ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்து ஆழ்துளைக் கிணறு தோண்டி, அதிலும் நீர் காணாமல் நொந்துபோனார். முதியவர் ஒருவர், "பழைய வாய்க்கால் இந்தச் சாலைக்கு அடியிலே போயிற்று ஐயா" என்று காட்டினார். புலப்படத்தை எடுத்துப் பார்த்தோம். அவர் கூறியது சரியே. எங்கள் அலுவலகம் போட்ட சிமெண்டுச் சாலை அவ்வாய்க்காலை மூடியிருந்தது. அங்கே ஒரு குழாய்ப் பாலமும் வைக்கப்படவில்லை. அந்த மதிப்பீட்டில் கையொப்பமிட்டவன் நான். பின்னர்ச் சாலையை வெட்டிக் குழாய் பதித்தோம், நீர் சென்றது. அடகு வைத்த நகை மீண்டதா என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

ஊர்ப் படத்தை ஒரு நாழிகை விரித்துப் பார்த்திருந்தால் அந்நட்டம் நேர்ந்திராது. அன்று முதல், வேலை நடக்கும் இடத்தின் புலப்படத்தைப் பாராமல் எந்த மதிப்பீட்டிலும் நான் கையொப்பமிடுவதில்லை.

ஊராட்சி செய்யத்தக்கவை

முதலாவதாக, கிராம வரைபடம், புலப்படம், "அ" பதிவேடு ஆகியவற்றைக் கொண்டு ஊரிலுள்ள ஆறு, வாய்க்கால், கண்மாய், கலுங்கு, வடிகால் அனைத்தையும் பட்டியலிடுக. முதியோரையும், நீர் பாய்ச்சிப் பழகியோரையும் உடன் அழைத்துச் சென்று நேரில் ஒப்பிட்டுப் பார்க்க.

இரண்டாவதாக, ஆற்றுமணலைக் காக்க. மணலை அளவின்றி அள்ளினால் ஆற்றுப்படுகை தாழும். வாய்க்காலின் தலைமதகு உயர்ந்து நிற்கும். ஆற்றில் நீர் ஓடினாலும் அது வாய்க்காலில் ஏறாது. கரையோரக் கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும்.

மூன்றாவதாக, ஊர்க் கழிவுநீர் ஆற்றிலும் வாய்க்காலிலும் நேரே கலவாதவாறு உறிஞ்சு குழிகள் அமைக்க. நீர்நிலை ஆக்கிரமிப்புகளை அகற்றக் கண்மாய்ப் பாதுகாப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது.

நான்காவதாக, தொகுத்த செய்திகளை ஒரு நோட்டில் எழுதி, உலக நீர் நாளான மார்ச் 22 அன்று கூடும் கிராம சபையில் படித்துக் காட்டுக. பிழையிருப்பின் அங்கேயே மக்கள் திருத்துவர்.

கலந்துரையாடலுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரின் பழைய பெயர் யாது? அதற்குச் சான்று கல்வெட்டா, செவிவழிச் செய்தியா?
2. நம் கண்மாய்க்கு நீர் எவ்வழியாக வருகிறது? நிரம்பினால் எங்கே செல்கிறது?
3. கடைமடை வயல் யாருடையது? சென்ற போகத்தில் அங்கே நீர் எட்டியதா?

மூன்றாம் வினாவுக்கு விடையை அவ்வயலின் வரப்பில் நின்று காண்பதே முறை. வரும் போகத்திற்கு மடை திறக்கும் நாளில் அங்கத்தினர் அனைவரும் அங்குச் சென்று பார்ப்பார்களாக.