சங்கத்திற்கு ஏற்ற சர்வர்

கூட்டுறவுச் சங்கமொன்றின் தலைமை அலுவலகம் நகரத்திலும், கிளைகள் கிராமங்களிலும் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எழுதும் பழைய மென்பொருள் விண்டோஸில் இயங்குவது. உறுப்பினர் பதிவேடு லினக்ஸில் இயங்குவது. கிளை எழுத்தர் இரண்டையும் தம் மேசையிலிருந்தே கையாளுதல் வேண்டும். இதற்குத் தலைமை அலுவலகத்தில் தகுந்த சர்வர் ஒன்று இருப்பின் போதும். வேலை அங்கே நடைபெறும். கிளைக்குத் திரைக்காட்சி மட்டுமே வந்து சேரும்.

ஆயினும், அந்த ஓர் இயந்திரம் நின்றால் எல்லாக் கிளைகளும் நின்றுவிடும். கடன் பெற வந்த உழவர் வெறுங்கையுடன் திரும்ப நேரிடும். ஆகவே விலையை மட்டும் நோக்கி வாங்குதல் கூடாது.

முதலாவது, பிராசசர். ஒரே இயந்திரத்தில் விண்டோஸையும் லினக்ஸையும் தனித்தனியே இயக்கும் வசதி அதற்கு வேண்டும். இன்டெல் 2005ஆம் ஆண்டிலும், ஏ.எம்.டி. 2006ஆம் ஆண்டிலும் இவ்வசதியை அளிக்கத் தொடங்கின. மலிவென்று ஏ.ஆர்.எம். வகையை வாங்கினால், பழைய விண்டோஸ் மென்பொருள்கள் அதில் நேராக இயங்கமாட்டா.

இரண்டாவது, நினைவகம். மொத்த ஊழியர்களை அல்ல, ஒரே வேளையில் வேலை செய்வோரையே எண்ணுக. 20 பேருக்குத் தலா 2 ஜி.பி. எனில் 40, அடிப்படைத் தேவைக்கு 16, ஆக 56. எனவே 64 ஜி.பி. வாங்கலாம். இது மாதிரிக் கணக்கே. ஓர் எழுத்தரின் ஒருநாள் வேலையை அளந்து பார்த்து உண்மை அளவை முடிவு செய்க. பிழை திருத்தும் இ.சி.சி. வகையே நலம்.

மூன்றாவது, வட்டுகள். இரண்டு வட்டுகளில் ஒரே பதிவை எழுதும் முறையில், ஒன்று பழுதாயினும் வேலை தொடரும். ஆனால் தவறுதலாக அழித்தது இரண்டிலும் அழிந்துவிடும். ஆதலால் வேறிடத்தில் தனிப் பிரதி வைத்தல் இன்றியமையாதது.

நான்காவது, மின்சாரமும் இணைப்பும். யு.பி.எஸ். கட்டாயம் வேண்டும். புவிநிலைச் செயற்கைக்கோள் சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் வழியே விசையை அழுத்தி விடை காண அரை நொடி கழியும். எத்துணைப் பெரிய சர்வரும் இத்தாமதத்தைப் போக்காது.

உரிமக் கட்டணத்தையும் மறவாதீர். விண்டோஸ் சர்வரில் நிர்வாகப் பணிக்கு இருவர் மட்டுமே தொலைவிலிருந்து நுழையலாம். மற்றப் பயனாளருக்குத் தனி உரிமம் வாங்க வேண்டும்.

பணம் கொடுக்குமுன், இணைப்பு மிகக் குறைவாயுள்ள கிளையில் சோதித்துப் பாருங்கள். அங்கே தடையின்றி நடந்தால் மற்றக் கிளைகளைப் பற்றிய கவலை பெரிதும் நீங்கும்.