காஞ்சோன்றி: எரிக்கும் கொடி, வலிக்கு மருந்து

இடப்பெயர்வின் பின் பற்றை மூடிய காணியைத் துப்புரவாக்கும்போது காஞ்சோன்றி பட்டு எரிவதை நாம் அறிவோம். செந்தட்டி என்பதும் இதுவே; ஆமணக்கின் குடும்பத்துக் கொடி. இதன் சுனைமயிரிலுள்ள ஊசி போன்ற கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்கு தோலைத் துளைக்கிறது. பட்ட இடத்தைத் தேய்க்காமல் கழுவுவோம்.

இதன் வேரைக் காய்ச்சலுக்கும் உடல்வலிக்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்து வந்துள்ளனர். இதன் சாரம் வலியையும் வீக்கத்தையும் குறைத்ததாக விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் மனிதருக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதை அந்த ஆய்வுகளிலிருந்து அறிய முடியாது. ஆகவே நாமாக அவித்துக் குடிக்காமல் சித்த வைத்தியரைக் கேட்போம்.

இன்னொன்று: கண்ணிவெடி அகற்றப்படாத காணிக்குள் மூலிகை தேடிப் போகவேண்டாம். கால்வலிக்கு மருந்துண்டு, இழந்த கால் மீளாது.